பின்னதைக் கண்டபின் முன்னது



முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியன், கணினி விளையாட்டைப் பற்றி வானொலியிற் பேச வந்திருக்கிறான் என்றவுடன் உங்களுட் சிலர் வியக்கக்கூடும். "விளையாடாதீர்கள் என்று அறிவுரை சொல்லத்தான் வந்திருப்பார்" என்று வேறு சிலர் முன்னதாகவே தீர்ப்பெழுதியிருக்கவுங் கூடும். அந்த அறிவுரையை நான் ஒருமுறை ஒருவனுக்குச் சொன்னதுண்டு. அதன் விளைவைப் பின்னர்ச் சொல்லுகிறேன். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஒரு கதையின் பிற்பகுதியை முதலிற் கண்டுவிட்டவன், பழைமையான முற்பகுதிக்குத் திரும்பிப் போகலாமா என்பதே அது.

இவ்வினாவை என்னிடம் எழுப்பியவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் என் மகளின் மகன். சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டிற்கு வந்திருந்தான். ஒரு நாள் மாலை, "தாத்தா, 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டின் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டேன். இனி முதற்பாகத்தை ஆடலாமா? அது பழையது, கடினமானது, கதையும் பாதி தெரிந்துவிட்டது என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள். விடுமுறையோ இன்னும் ஐந்து வாரந்தான்" என்றான். பொருளை அறியாமல் விடை கூறுவது ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே மூன்று மாலைப் பொழுதுகள் அவனை எனக்கு ஆசிரியனாக்கி, அவன் அருகில் அமர்ந்து கற்றுக்கொண்டேன்.

அவ்விளையாட்டின் வரலாற்றை முதலிற் காண்போம். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதை வளர்ப்பது அதன் முறை. அம்முறையைக் கணினிக்குக் கொண்டுவந்த ஆக்கங்களுட் புகழ்பெற்றது பால்டர்ஸ் கேட். அதனை உருவாக்கியது, கனடா நாட்டு எட்மண்டன் நகரில் 1995-ஆம் ஆண்டில் தோன்றிய பயோவேர் என்னும் நிறுவனம். அதனைத் தோற்றுவித்தவர்களுள் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் இருந்தனர் என்பது சுவையான செய்தி. முதற்பாகம் 1998 டிசம்பரில் ஐந்து குறுந்தகடுகளில் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2000-ஆம் ஆண்டில் வந்தது. பீம்டாக் என்னும் மற்றொரு நிறுவனம் இவ்விரண்டையும் இக்காலக் கணினிகளுக்கு ஏற்பச் செப்பனிட்டு, 2012-இலும் 2013-இலும் மறுபதிப்பாக வெளியிட்டது. மூன்றாம் பாகம், பெல்ஜிய நாட்டு லாரியன் நிறுவனத்தின் ஆக்கமாக 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது; அது வயதுவந்தோர்க்கு உரியது. நம் பேச்சு முதலிரண்டைப் பற்றியதே.

திரும்பிப் போகவேண்டா என்போர் கூறும் காரணங்களை முதலில் நடுநிலையோடு கேட்போம். வழக்கில் எதிர்த்தரப்பின் வாதத்தை மறைப்பது அறமாகாது.

முதலாவது, வலிமைக் குறைவு. இரண்டாம் பாகத்தைத் தொடங்கும் வீரன், ஏறத்தாழ 89,000 அனுபவப் புள்ளிகளோடு, பல படிகள் ஏறியவனாகவே கண் விழிக்கிறான். முதற்பாகத்திலோ அவன் முதற்படியில் நிற்கும் சிறுவன். அவன் மந்திரவாதியாயின், ஒரே ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டு ஓய்வெடுத்தே மறுபடியும் சொல்ல இயலும். ஓர் ஓநாய் வந்தால் அவன் கதை முடிந்தது. பறவைநாகங்களோடு போர் செய்து பழகிய என் பேரன், ஓநாய்க்கு அஞ்சி ஓடுவதை எண்ணிப் பார்க்கவே கூசினான்.

இரண்டாவது, செறிவுக் குறைவு. இரண்டாம் பாகத்தில் உடன் வரும் தோழர்கள் தம்முள் வாதாடுகிறார்கள். நட்பும் பகையும் காதலும் கொள்ளுகிறார்கள். முதற்பாகத்தில் சேர்த்துக்கொள்ளத் தக்க தோழர் இருபத்தைவர் உளர். ஆயினும் அவர்கள் பேசுவது சிலவே. காடும் மேடுமாகப் பரந்து கிடக்கும் நிலத்தில், ஒன்றும் நிகழாமல் நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கிறது.

மூன்றாவது, மறைபொருள் வெளிப்பட்டுவிட்டமை. வீரனின் பிறப்பைப் பற்றிய உண்மையே முதற்பாகத்தின் முடிச்சு. இரண்டாம் பாகமோ அதனைத் தொடக்கத்திலேயே அவிழ்த்துவிடுகிறது. விடை தெரிந்த விடுகதையை எவர் விரும்புவர் என்பது அவர்கள் வினா.

இம்மூன்றும் உண்மையே. ஆனால் உண்மைகளை அடுக்கிவிட்டால் முடிவு தானாக வந்துவிடாது. அவற்றை நிறுத்துப் பார்க்கவும் வேண்டும்.

வலிமைக் குறைவை எடுத்துக்கொள்வோம். முதற்பாகத்தின் வீரன், கேண்டில்கீப் என்னும் கோட்டையில் வளர்ந்த தாயில்லாப் பிள்ளை. அக்கோட்டை ஒரு பெரிய நூலகம். அரிய நூல் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தாலன்றி அதனுள் நுழைய முடியாது என்பது அவ்வுலகின் வழக்கு. (இதனைக் கேட்டபொழுது தலைமையாசிரியனாகிய எனக்கு எத்துணை மகிழ்ச்சி என்பதை நீங்களே உணர்வீர்கள்.) அவனை வளர்த்த கோரியன் என்னும் சான்றோன் கொல்லப்பட, அவன் துணையற்றவனாய் உலகினுள் அடியெடுத்து வைக்கிறான். அந்நாட்டில் இரும்புப் பஞ்சம். தாது கெட்டுவிட்டமையால் செய்த கருவிகள் உடைகின்றன. கையில் ஏந்திய வாள் போர் நடுவே முறிந்துவிடுவதுண்டு. இத்தகைய கதைக்கு எளியவனே தலைவனாதல் வேண்டும். பின்னர் வருவதன் பெருமை முன்னர் இருந்த சிறுமையை அறிந்தவனுக்கே விளங்கும். மாடியில் நிற்பவன் தான் ஏறி வந்த படிகளை எண்ணிப் பார்ப்பது வீண்வேலை அன்று.

மேலும், கடினம் என்பது புதியவனுக்கே பெரிது. இரு பாகங்களும் ஒரே விதிநூலைப் பின்பற்றுகின்றன. கவசத்தின் எண் குறையக் குறையக் காப்பு மிகும் என்பது போன்ற விந்தைகளை இரண்டாம் பாகத்தில் கற்றவன் மீண்டும் கற்கவேண்டுவதில்லை. போரை இடையில் நிறுத்தி ஆணையிடும் பழக்கமும் அவன் கைக்கு வந்துவிட்டது. பின்னர்த் தோன்றிய வசதிகள் பலவற்றை மறுபதிப்பு முதற்பாகத்திற்கும் கொண்டுவந்துள்ளது.

இனி, மறைபொருளைப் பற்றிய வாதம். இதுவே மூன்றனுள் வலியது போலத் தோன்றுகிறது. என் எண்ணத்தில் இதுவே வலி குறைந்தது. நம் இலக்கியத்தில் ஒரு சான்று காட்டுவேன். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கதைத் தொடர்புடைய இரட்டைக் காப்பியங்கள். மணிமேகலையை முதலிற் பயின்ற மாணவன், கோவலன் கொலையுண்டதை அறிந்தே சிலப்பதிகாரத்தைத் திறக்கிறான். அதனால் அவனுக்குச் சுவை குன்றியதா? புகாரில் கோவலனும் கண்ணகியும் இன்புற்றிருக்கும் பகுதியைப் படிக்கும்பொழுதே அவன் நெஞ்சு நடுங்குகிறது. என்ன நிகழும் என்னும் ஆவல் போகிறது. எவ்வாறு நிகழ்ந்தது என்னும் ஏக்கம் அவ்விடத்தைப் பெறுகிறது.

விளையாட்டிலும் அவ்வாறே. இரண்டாம் பாகம் தொடங்கிய சிறிது நேரத்தில், பழைய தோழர் இருவர் மாண்டுவிட்டனர் என்பது தெரிய வருகிறது. அவர்களை அறியாத என் பேரன் அதனை ஒரு செய்தியாகவே கடந்து சென்றான். அவ்விருவருள் ஒருவன் திக்கித் திக்கிப் பேசும் மெல்லியல்பினன். முதற்பாகத்தில் வழிநடை விடுதி ஒன்றில், மனைவியோடு வீரனுக்காகக் காத்திருந்து துணையாக வருகிறான். "அவன் சாவைப் பார்த்த உனக்கு அவனை உயிரோடு பார்க்கவேண்டாவா?" என்று பேரனைக் கேட்டேன். அவன் நெடுநேரம் பேசவில்லை.

எனினும் எல்லோரும் திரும்பிப் போகவேண்டும் என்று நான் விதி செய்யமாட்டேன். உங்களை நீங்களே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னதில் உங்களைக் கவர்ந்தது எது என்பது முதல் வினா. பேராற்றலும் விரைந்த போருமே கவர்ந்தன என்றால், முன்னது உங்களுக்கு ஏமாற்றமே தரும், போகாதீர்கள். மாந்தரும் அவர்தம் ஊழுமே கவர்ந்தன என்றால் போகலாம்.

எவ்வளவு காலம் உண்டு என்பது இரண்டாம் வினா. இத்தகைய விளையாட்டு ஐம்பது மணி நேரத்தை எளிதில் விழுங்கிவிடும். நாள்தோறும் ஒரு மணி என்றால் ஏழு வாரத்திற்கு மேலாகும். ஞாயிறுதோறும் இரண்டு மணி என்றால் ஏறத்தாழ அரை ஆண்டாகும். இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தபின் தொடங்குங்கள். தேர்வு நெருங்கும் காலமாயின் தள்ளி வையுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த விளையாட்டு இன்னும் சில திங்கள் காத்திருக்கும்.

எதுவரை சோதித்துப் பார்ப்பது என்பது மூன்றாம் வினா. நாஷ்கெல் என்னும் ஊரின் சுரங்கம் வரை ஆடிப் பாருங்கள். இரும்பு கெட்டதன் காரணம் அங்கேதான் முதலில் துலங்குகிறது. அதன் பின்னும் மனம் பொருந்தவில்லை என்றால் நாணமின்றி விட்டுவிடுங்கள். தொடங்கியதை எல்லாம் முடித்தே தீரவேண்டும் என்பது கடமைக்கு உரிய விதி, பொழுதுபோக்கிற்கு உரியதன்று.

இப்பொழுது, முதலிற் குறிப்பிட்ட பழைய கணக்கிற்கு வருகிறேன்.

என் இளைய மகன் 2001-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பிற் பயின்றான். சேர்த்து வைத்த பணத்தில் பால்டர்ஸ் கேட் முதற்பாகத்தை வாங்கி ஆடிக்கொண்டிருந்தான். பொதுத் தேர்வுக்கு இரண்டு திங்கள் இருக்கையில், நான் அந்த ஐந்து தகடுகளையும் வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "தேர்வு முடிந்ததும் தருகிறேன்" என்று வாக்களித்தேன். தேர்வு முடிந்தது, நல்ல மதிப்பெண்ணும் பெற்றான். நான் தரவில்லை. அவன் கேட்கவுமில்லை. கேட்காதது அவன் அடக்கம் என்று அந்நாளில் மகிழ்ந்தேன். கல்லூரி நாள்களில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிப் பெற்ற பணத்தில் அவன் இரண்டாம் பாகத்தை வாங்கினான் என்பதும், என் பேரனுக்கு அதனை அறிமுகம் செய்தவன் இந்த மாமனே என்பதும் சென்ற கோடையில்தான் எனக்குத் தெரியும். வரிசை மாறிப்போனது பேரனுக்கு மட்டுமன்று. மகனுக்கு அதனை மாற்றி வைத்தவன் நானே.

மூன்றாம் மாலை, அலமாரியைத் திறந்து தகடுகளை எடுத்தேன். அவற்றைச் செலுத்தும் வாய் பேரனின் கணினியில் இல்லை. வெளியூரில் இருக்கும் மகனைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னேன்.

"அப்பா, அவற்றை நீங்கள் அன்றைக்கே எறிந்திருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றான்.

"எறியவில்லை, திருப்பித் தரவும் இல்லை. மாணவர்க்கெல்லாம் வாய்மை கற்பித்தவன் உனக்குக் கொடுத்த வாக்கைத் தவறவிட்டேன்" என்றேன்.

சற்று நேரம் மறுமொழி இல்லை. பிறகு, "பூட்டி வைத்தது தவறில்லை, அப்பா. அப்பொழுது அது வேண்டியதுதான்" என்றான். மேலும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் எனக்குப் புரிந்தது. பின்னர் அவனே, "அவன் முதற்பாகத்தை ஆடப்போகிறானா? தனியாக ஆடவேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றான்.

அவ்விளையாட்டைப் பலர் சேர்ந்தும் ஆடலாம். ஆறு பேர் வரை இடமுண்டு. மறுபதிப்பை வாங்கி, ஞாயிறு மாலைதோறும் இரண்டு மணி நேரம், வெவ்வேறு ஊர்களிலிருந்து மாமனும் மருமகனும் ஆடுகிறார்கள். விடுமுறை முடிந்த பின்னும் இந்தக் கணக்கு மீறப்படவில்லை. ஓநாயிடம் இருமுறை இறந்ததாகப் பேரன் சிரித்துக்கொண்டே சொன்னான். விடுதியில் அந்தத் திக்குவாய்த் தோழனைக் கண்ட நாளன்று, "தாத்தா, அவனை எந்தப் போரிலும் முன்னால் நிறுத்துவதில்லை என்று மாமாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம்" என்றான். முடிவை மாற்ற இயலாது என்பது இருவர்க்கும் தெரியும். ஆயினும் காக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, பழைமையானது என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் வேண்டா. பழைமையானது என்பதற்காகவே கொள்ளவும் வேண்டா. காலத்தையும் கடமையையும் கணக்கிட்டு, உங்கள் நெஞ்சு எதனை நாடுகிறது என்பதைத் தெளிந்து முடிவு செய்யுங்கள். பெற்றோர்களும் ஆசிரியர்களும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளின் பொருளை வாங்கிப் பூட்டவேண்டிய காலம் வரலாம், பூட்டுங்கள். ஆனால் திருப்பித் தருவதாகச் சொன்ன நாளை நாட்காட்டியிற் குறித்து வையுங்கள்.