காவலில் இருக்கும் வியாதியஸ்தர்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வியாதியஸ்தரையும் காவலில் இருப்போரையும் ஒரே வசனத்தில் அருகருகே வைத்துப் பேசுகிறார். நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி கட்டினோம். அதற்காக நீங்கள் ஆண்டாண்டாய் அனுப்பிவரும் காணிக்கைகளுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். இன்று மற்றப் பாதியைப்பற்றிப் பேச விரும்புகிறேன். பல வேளைகளில் அந்த இருவரும் ஒரே ஆள்தான்.

சிறையில் ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருந்தால் ஆட்டோ பிடித்து நம் வாசலுக்கு வந்துவிடுவார். உள்ளே இருப்பவர் வார்டரிடம் சொல்ல வேண்டும். வார்டர் ஜெயிலரிடம், ஜெயிலர் மருத்துவரிடம். தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்றே 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் கூறுகிறது. ஆனால் நடுராத்திரியில், "நடிக்கிறான்" என்று வார்டர் நினைத்துவிட்டால் செய்தி அங்கேயே நின்றுவிடும். வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி மருத்துவர் எழுதினாலும் வழிக்காவலுக்குப் போலீசார் வர வேண்டும். அவர்கள் வேறு பந்தோபஸ்துக்குப் போயிருந்தால் அன்றைக்குப் பயணம் இல்லை. அதே சட்டம் சிறை மருத்துவரைக் கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டில் வைக்கிறது. நல்ல மருத்துவர்கள் அங்கே உண்டு. ஆனாலும் மேலதிகாரியின் குறையைக் கீழே இருப்பவர் எழுதிவைப்பது எளிதா?

திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குருவானவர் ஸ்டான் சுவாமியை அறிவீர்கள். நம் திருச்சபைப் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர். அது இங்கே பொருட்டல்ல. 2020 அக்டோபரில், 83 வயதில், கைது செய்யப்பட்டு மும்பைக்கு அருகேயுள்ள தலோஜா சிறையில் வைக்கப்பட்டார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சுகுழலும் குவளையும் கேட்டு நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியதாயிற்று. அதற்கே வாரங்கள் சென்றன. 2021 மே மாதக் கடைசியில் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் பாந்த்ராவிலுள்ள ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் நம்முடையதைப்போல ஒரு கிறிஸ்தவ ஆஸ்பத்திரி. அங்கே சேர்த்தபிறகுதான் கொரோனா இருப்பது தெரிந்தது. ஜூலை 5-ஆம் தேதி மரித்தார். ஜாமீன் மனு அன்றும் நிலுவையில் இருந்தது. அவர்மேல் போட்ட வழக்கைப்பற்றி நான் பேசவில்லை. அதன் விசாரணையே தொடங்கியிருக்கவில்லை. ஒரு குவளை தண்ணீரைப்பற்றித்தான் பேசுகிறேன். சிறைக்குக் கட்டுப்படாத ஒருவர் அந்த அறைக்குப் போய்க் கண்ணால் பார்த்திருந்தால், அது நீதிமன்றம்வரை போயிருக்க வேண்டுமா?

அவருக்காவது வழக்கறிஞர்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் நம் நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். அவர்களுடைய நெஞ்சுவலியை யார் எழுதுவார்?

இங்கிலாந்தில் ஒவ்வொரு சிறைக்கும் உள்ளூர் மக்களைக் கொண்ட ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. சம்பளம் இல்லை. எந்த அறைக்கும் போகலாம், எந்தக் கைதியோடும் பேசலாம். நம் நாட்டிலும் இதற்கு இடம் இல்லாமலில்லை. அதே 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பார்வையாளர்களை நியமிக்க வழி இருக்கிறது. அரசு ஊழியர் அல்லாதவர்களை அலுவல்சாராப் பார்வையாளர்கள் என்பார்கள். அப்படிப்பட்டவர்களை நியமிப்பதை மாநிலங்கள் பரிசீலிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2015-இல் சொல்ல வேண்டியதாயிற்று என்றால், அந்த நாற்காலிகள் எப்படிக் கிடந்தன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நியமனம் பெற்றும் பண்டிகைக்கு இனிப்பு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் வியாதியஸ்தனுக்கு என்ன பயன்?

ஆகவே இம்முறை நான் உங்களிடம் பணம் கேட்கவில்லை. (பொருளாளர் என்னை மன்னிப்பாராக!) நம் சபைகளில் ஓய்வுபெற்ற செவிலியர், மருத்துவர், ஆசிரியர் எத்தனையோ பேர். அப்படிப்பட்டவர்கள் பார்வையாளர் பணிக்கு முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே போனால் நோயுற்றோரைத் தனியே பாருங்கள், வார்டர் காதுக்கு எட்டாமல் பேசுங்கள். மருத்துவர் ஒரு கைதியை வெளியே அனுப்ப எழுதிய தேதி எது, அவர் அனுப்பப்பட்ட தேதி எது என்று இரண்டையும் கேளுங்கள். ஒவ்வொரு சிறையிலும் பார்வையாளர் தம் கருத்தை எழுதப் புத்தகம் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டந்தான். அந்த இரண்டு தேதிகளையும் அதில் எழுதி, கையெழுத்திட்டுவிட்டு வாருங்கள்.