சர்க்கஸ் வந்த ஊரில் ஒரு மாநாடு



1864 செப்டம்பர் 1. அட்லாண்டிக் கடலோரத்தில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்ற சிறிய பிரிட்டிஷ் குடியேற்றம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதன் தலைநகர் சார்லட்டவுனுக்கு சர்க்கஸ் வந்திருக்கிறது. ஊரெல்லாம் கூட்டம், விடுதிகளில் இடமில்லை. அந்த நேரம் பார்த்து, ‘குயின் விக்டோரியா’ என்ற நீராவிக் கப்பலில் கனடா அமைச்சர்கள் ஒரு மாநாட்டுக்காக வந்து இறங்குகிறார்கள். எதிர்கொண்டு அழைக்கப் போனவர் தீவின் அரசுச் செயலாளர் வில்லியம் போப். எதில் போனார் தெரியுமா? ஒரு துடுப்புப் படகில்!

கனடா என்று அன்று சொன்னது இன்றைய ஒன்டாரியோ, கியூபெக் பகுதிகளைத்தான். அங்கே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே சட்டசபையில் முட்டிக்கொண்டு, எந்த அமைச்சரவையும் நிலைக்கவில்லை. எலியும் பூனையுமாக இருந்த அரசியல் தலைவர்கள் ஜான் மக்டொனால்டும் ஜார்ஜ் பிரவுனும் வேறு வழியின்றிக் கைகோத்தார்கள். தெற்கே அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அது ஓய்ந்தால் அந்தப் பெரும்படை எந்தப் பக்கம் திரும்புமோ என்ற அச்சம் வேறு.

உண்மையில் அந்த மாநாடு இவர்களுக்காகக் கூட்டியதே அல்ல. நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், இந்தத் தீவு ஆகிய மூன்று குடியேற்றங்களும் தங்களுக்குள் இணைவதைப் பேசக் கூடின. நாங்களும் வரலாமா என்று கேட்டு வந்தவர்கள் கனடாக்காரர்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையையே மாற்றிய கதைதான் பிறகு நடந்தது. எல்லோரும் கனடாவோடு சேர்ந்து ஒரே கூட்டாட்சியானால், மாகாணங்களின் கடனை மத்திய அரசு ஏற்கும், ஆண்டுதோறும் மானியமும் தரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் கனடாவின் நிதியமைச்சர் அலெக்சாண்டர் கால்ட். மூன்றாம் நாள் கப்பலிலேயே ஷாம்பெயினோடு விருந்து. அங்கே எல்லோர் மனமும் இளகியதைப் பிரவுன் தன் மனைவிக்குக் கடிதத்தில் எழுதினார். மாநாட்டுக்கு முழுமையான குறிப்பேடு இல்லாததால், அந்தக் கடிதம்தான் இன்று நமக்குப் பெரிய சான்று. தீவின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மாதமே கியூபெக்கில் 72 தீர்மானங்கள் உருவாயின. 1867 ஜூலை 1-இல் நான்கு மாகாணங்களோடு கனடா கூட்டாட்சி பிறந்தது.

விருந்து வைத்த தீவு அதில் சேரவில்லை! பிரிட்டனில் உட்கார்ந்து தீவின் நிலங்களுக்கு வாடகை வாங்கிய நிலக்கிழார்களின் தொல்லை தீர அந்தத் திட்டத்தில் வழியில்லை என்பது ஒரு காரணம். பிறகு ரயில் பாதை போட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. கடனை ஏற்கிறோம், நிலத்தை மீட்க 8 லட்சம் டாலர் வரை தருகிறோம் என்று கனடா சொன்ன பிறகே தீவு இறங்கி வந்தது, 1873 ஜூலை 1 அன்று.