வாடகை இடத்தில் சொந்தச் சேர்வர்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், சொந்தமாக வாங்கிய சேர்வர்களைத் தரவு நிலையமொன்றில் வாடகைக்கு இடம்பெற்று வைத்து நடத்துதல் பற்றியது. கடைக்காரரின் கணக்கு, பாடசாலையின் பதிவேடு, வைத்தியரின் நோயாளர் குறிப்பு ஆகிய யாவும் இன்று எங்கோ ஒரு சேர்வரிலேதான் இருக்கின்றன. அவற்றைக் காப்போர் நம் இளைஞருட் பலர். ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

சேர்வரை நடத்த மூன்று வழிகள் உண்டு. நம் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். முகிற் கணிமை என்னும் முறையில் பிறர் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம். அன்றி, இயந்திரம் நம்முடையதாகவும் இடம் பிறருடையதாகவும் இருக்கலாம். இம்மூன்றாவது வழியில் நிலையத்தார் தருவன இடம், மின்சாரம், குளிர்ச்சி, காவல், இணைய இணைப்பு ஆகியவை. இயந்திரம் பழுதானால் அது நம் கவலை. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

இதனால் இலாபமுண்டா என்று கேட்பீர்கள். பேஸ்காம்ப் என்னும் மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி, 2022ஆம் ஆண்டில் முகிற் கணிமைக்காக ஏறக்குறைய 32 இலட்சம் டொலர் செலவிட்டது. 2023இல் அது 6 முதல் 7 இலட்சம் டொலர் வரை கொடுத்து டெல் சேர்வர்களை வாங்கி, சிக்காகோவிலும் வர்ஜீனியாவின் ஆஷ்பேர்னிலும் உள்ள நிலையங்களில் வைத்தது. ஆனால் அக்கம்பனியிடம் அந்நிலையங்களில் முன்னமே இடம் இருந்தது. தேர்ந்த ஆட்களும் இருந்தனர். நாளொன்றில் ஏறி இறங்கும் வேலைக்கு முகிலே ஏற்றது. ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் வேலைக்கே சொந்தச் சேர்வர் இலாபந் தரும்.

இனித் தொடங்கும் முறையைப் பார்ப்போம். நிலையத்தில் 19 அங்குல அகலமான இயந்திரங்களை ஏற்கும் றாக் என்னும் இரும்புச் சட்டங்கள் நிற்கும். உயரத்தை யூ என்னும் அளவால் கணிப்பர்; ஒரு யூ என்பது 1.75 அங்குலம். முழுச் சட்டம் பெரும்பாலும் 42 யூ கொண்டது. புதியவர்கள் இந்த உயரத்தையே எண்ணிக் கொண்டிருப்பர். உண்மையில் இடம் தீருமுன் மின்சாரம் தீர்ந்துவிடும்.

ஓர் உதாரணம் சொல்வோம். ஒவ்வொன்றும் 300 வாற்று உண்ணும் சேர்வர்கள் பத்து இருப்பதாகக் கொள்வோம். 230 வோல்ட்டில் அவற்றுக்கு 13 அம்பியர் வேண்டும். நல்ல நிலையங்கள் சட்டத்துக்கு இரண்டு மின்வழிகள் தரும். நல்ல சேர்வருக்கும் இரண்டு மின்வழங்கிகள் உண்டு. வழிக்கு 10 அம்பியர் வீதம் இரண்டு எடுத்தோமானால், ஒவ்வொன்றிலும் ஆறரை அம்பியரே ஓடும். மீற்றரைப் பார்த்தவர் மிச்சம் உண்டென்று மகிழ்வார். ஒருநாள் ஒரு வழி அறுந்தால் 13 அம்பியரும் மற்றதன் தலையில் விழும், அதுவும் அறும், பத்துச் சேர்வர்களும் ஒருங்கே அணையும். எந்த விபத்துக்கு அஞ்சி இரண்டு வழி எடுத்தோமோ, அவ்விபத்தே நேரும். ஆகவே முழுச் சுமையையும் ஒரே வழி தாங்குமா என்று கணக்கிட்டே ஒப்பந்தம் செய்தல் வேண்டும். இயந்திரத்தின் மேல் எழுதிய அளவை நம்பாது, முழு வேலை கொடுத்து அளந்தறிக.

அடுத்தது தூரம். நள்ளிரவில் சேர்வர் மயங்கினால் ஓடிப்போய்ப் பார்க்க இயலாது. ஐடிராக், ஐஎல்ஓ என்பன போன்ற தொலைநிருவாகக் கருவி பொருந்திய சேர்வரையே வாங்குக. சேர்வர் மயங்கியிருந்தாலும், மின்சாரம் உள்ளவரை, அதனை வீட்டிலிருந்தே அணைத்து எழுப்ப இக்கருவி உதவும். ஆனால் அதனைப் பொது இணையத்தில் திறந்து வைத்தல் வீட்டுத் திறப்பைத் தெருவில் வைப்பதை ஒக்கும். சேர்வருக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் பெயர் ஒட்டுக. மாற்று வட்டு ஒன்றைச் சட்டத்திலேயே வைத்துவிடுக. அப்பொழுது நிலையத்து ஊழியரிடம் தொலைபேசியில் “இன்ன பெயருள்ள வட்டைக் கழற்றுங்கள்” என்று சொல்லலாம். பெயர் இல்லையேல் அவர் நல்ல வட்டையும் கழற்றிவிடக்கூடும்.

மூன்றாவது, பிரதி. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் கம்பனியின் தரவு நிலையமொன்று தீப்பற்றி அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் மூலத்தையும் பிரதியையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். எத்துணைச் சிறந்த நிலையமாயினும், பிரதி வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும்.

இப்பிரதியை அனுப்புவதிலும் ஒரு கணக்குண்டு. பல நிலையங்கள் இணையப் போக்குவரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, மிக உயர்ந்த நூற்றுக்கு 5 பங்கைத் தள்ளிவிட்டு, எஞ்சியவற்றுள் உயர்ந்ததற்குப் பணம் கேட்கும். 30 நாள் மாதத்தில் 8,640 அளவைகள், தள்ளப்படுவன 432, அதாவது 36 மணி நேரம். நாள்தோறும் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் பிரதி அனுப்பினால் மாதத்துக்கு 30 மணி. அதற்குக் கட்டணம் ஏறாது. இரண்டு மணி நேரம் அனுப்பினால் 60 மணி. மாதம் முழுவதும் அவ்வேகத்தில் ஓடியதாகவே பணம் கட்ட நேரும். அவ்வாறாயின் இரவு முழுவதும் மெதுவாக அனுப்புவதே அறிவுடைமை.

அன்பர்களே, ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். ஒரு மின்வழி அறுந்தால் மற்றது தாங்குமா? நாம் போகாமலே பழுது பார்க்க இயலுமா? நிலையமே எரிந்தால் மறுநாள் எங்கிருந்து தொடங்குவோம்? இவற்றுக்கு விடையுடையோர் ஒரு சேர்வருடனும் தொடங்கலாம். விடையில்லாதோர் இன்னுஞ் சிலகாலம் முகிலிலே இருத்தல் நன்று. பிறர் நம்மை நம்பித் தந்த கணக்கும் குறிப்பும் நம் கையில் இருக்கின்றன. இடத்தை வாடகைக்குப் பெறலாம். பொறுப்பை வாடகைக்கு விட முடியாது என்று கூறி, எமது உரையை நிறைவு செய்கின்றோம்.