திரையின் உள்ளுறை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டிப் பனமலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

பனமலைத் தாளகிரீசுவரர் கோயில் பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்தது. அதன் சிற்றாலயம் ஒன்றின் சுவரில் உமையின் ஓவியம் உள்ளது. தலைமேல் குடை, மடங்கிய ஒரு கால், சற்றே சாய்ந்த உடல், கனிந்த பார்வை. இறைவனின் ஆடலை அவள் கண்டு நிற்கிறாள். ஆடும் இறைவனின் உருவமோ பெரிதும் அழிந்துவிட்டது. ஆடியவன் மறைந்தான், கண்டவள் இருக்கிறாள். அவ்வாடலை இன்று அவள் முகத்திலிருந்தே உய்த்துணர வேண்டியுள்ளது. கலையில் ஒரு பாதி காண்போரிடம் வாழ்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மை திரைப்படத்திற்கும் பொருந்தும். இரு ஆடவரின் நட்பு என்று திரை காட்டியதைக் காண்போருள் சிலர் காதல் என்று படிக்கின்றனர். இது நட்புக்கு மாசு என்பர் ஒரு சாரார். காண்போரின் உரிமை என்பர் மற்றொரு சாரார். தமிழ்க் கவிதை மரபு இவ்வழக்கிற்கு ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறதா?

மறைபொருள் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் அதற்கு இலக்கணமே வகுத்தது. வண்டு பூவை ஊதுவதைச் சொல்லித் தலைவனின் ஒழுக்கத்தைச் சொல்லாமற் சொல்வது அகப்பாட்டு. வெளிப்படச் சொல்ல இயலாத இடத்தில்தான் உள்ளுறை பிறக்கிறது. தோழிக்கு நாணமும் ஊரார் அலரும் தடையாயின. திரைக்குத் தணிக்கையும் சட்டமும் தடையாயின.

அமெரிக்கத் திரையுலகில் 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த ஒழுக்க விதிகள் ஒருபாற் காதலைக் காட்டத் தடை விதித்தன. 1959இல் வெளிவந்த 'பென்ஹர்' படத்தின் திரைக்கதையில் பங்குகொண்ட கோர் விடால், பென்ஹரும் மெசாலாவும் இளமையில் காதலராய் இருந்தனர் என்னும் எண்ணத்தைத் தாம் உள்ளே வைத்ததாகவும், மெசாலாவாக நடித்தவருக்கு மட்டும் அது சொல்லப்பட்டதாகவும் 1995இல் ஓர் ஆவணப்படத்தில் கூறினார். பென்ஹராக நடித்த சார்ல்டன் ஹெஸ்டன் அதை மறுத்தார். எவர் கூற்று மெய்யாயினும், காண்போர் முன் இருப்பது அந்தப் பார்வை ஒன்றே.

செஞ்சிக்கும் இவ்வழக்கில் பங்குண்டு. ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது 1714இல் மாண்ட இளம் அரசன் தேசிங்கு. அவனுடைய ஆருயிர்த் தோழன் மகமதுகான், மணக்கோலத்தில் இருந்தவன், அழைப்பு வந்ததும் பந்தலை விட்டுப் போர்க்களம் புகுந்து உயிர் கொடுத்தான் என்கிறது கதைப்பாடல். கூத்தாகவும் பாட்டாகவும் வாழ்ந்த அக்கதை எம்.ஜி.ஆர். நடிக்க 1960இல் 'ராஜா தேசிங்கு' என்னும் படமாயிற்று. மதங் கடந்த நட்பின் இலக்கியமாகவே ஊர் இதனைப் போற்றுகிறது. மணப்பெண்ணை விட்டுத் தோழனிடம் ஓடியவனின் நெஞ்சில் வேறொன்றும் இருந்திருக்கலாமோ என்று ஒரு வாசகன் கேட்பானாயின், அவனும் அதே பந்தலைத்தான் சான்று காட்டுவான். சான்று ஒன்று, பொருள் இரண்டு.

எனினும் எல்லா நட்பையும் காதலாக்கிவிடுவது நட்பை வறுமைப்படுத்தும். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நெடுநாள் நேரிற் காணாமலே நண்பராயினர். வடக்கிருந்த சோழனைத் தேடி வந்து தாமும் உயிர் நீத்தார் ஆந்தையார். உணர்ச்சி ஒத்தலே நட்புக்குப் போதும் என்னும் குறட்பாவிற்குப் பரிமேலழகர் காட்டும் சான்று இவ்விருவரே. உயிர் கொடுக்கும் அன்புக்கு நட்பு என்ற பெயரே போதும் என்று துணிந்த மொழி இது. அத்துணிவை இழத்தலாகாது.

1991இல் வந்த 'தளபதி' கர்ணன்–துரியோதனன் கதையின் புதுவடிவம். காதலியை இழந்தும், தாயும் தம்பியும் எதிர்ப்புறம் நிற்கக் கண்டும், சூர்யா தேவராஜை விட்டு நீங்கவில்லை. அங்கே செஞ்சோற்றுக் கடனைக் காண்போர் பலர். அதற்கு மேலும் காண்போர் சிலர். 1964இல் வந்த 'தோஸ்தி' என்னும் இந்திப் படத்தின் இரு ஏழை இளைஞர்களுடைய பிணைப்பை ஆய்வாளர் ரூத் வனிதா காதல் மரபோடு வைத்து ஆராய்ந்துள்ளார். அந்தச் சிலர் எவர் என்பதே இங்கு எண்ணத்தக்கது. சிற்றூர்க் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்திருந்த ஓர் இளைஞன். அவனுடைய அன்பைக் குற்றம் என்றது சட்டம். 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அந்நிலை நீடித்தது. அவனை ஒத்தோர் திரையில் தோன்றியபோதெல்லாம் பெரும்பாலும் கேலிப்பொருளாகவே தோன்றினர். நூறு காதற் பாட்டுகளில் ஒன்றும் அவனுக்கில்லை. இரு தோழர் தோளிற் கைபோட்டு நடந்த காட்சியில் அவன் தன்னைக் கண்டுகொண்டால் அது திருட்டாகுமோ? பசித்தவன் சிந்திய பருக்கையைப் பொறுக்கினான், அவ்வளவே.

ஆயினும் இப்படிப்பிற்கு எல்லை உண்டு. அதனையும் மரபே வகுத்துள்ளது. உள்ளுறை கருப்பொருளிலிருந்தே பிறக்க வேண்டும். பாட்டில் இல்லாத வண்டைக் கொண்டு பொருள் சொல்லுதல் உரையாகாது. படத்தில் இல்லாத பார்வையைக் கொண்டு வாதிடுதலும் அத்தகையதே. இரண்டாவது எல்லை இதனினும் பெரிது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது விதி. படிக்கப்படுபவன் பாத்திரம், நடிகன் அல்லன். பாத்திரத்தின் நெஞ்சை ஆராய்தல் உரை. நடித்தவரின் வாழ்க்கையைக் கிளறுதல் அலர். அலர் எவரையும் வாழவைத்ததில்லை. மறைந்து வாழ நேர்ந்தவர்களை அது அழித்ததுண்டு.

2023இல் 'காதல் – தி கோர்' என்னும் மலையாளப் படம் ஒருபாற் காதலனான ஒரு குடும்பத் தலைவனை வெளிப்படக் காட்டியது. அவ்வேடத்தை ஏற்றவர், 'தளபதி'யில் தேவராஜாக நடித்த மம்மூட்டி. முப்பத்திரண்டு ஆண்டுகளில் திரை, சொல்லாமல் விட்டதைச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. வெளிப்படச் சொல்லும் காலம் வந்தபின் உள்ளுறை தேவைப்படாது என்பதற்கில்லை. அது கட்டாயமாக இராது; கவிஞனின் விருப்பமாக இருக்கும். அதுவே கவிதைக்கு நல்லது.

பனமலைச் சுவரில் உமை இன்னும் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அழிந்துபோன ஆடலை அவள் விழி காத்து வைத்திருக்கிறது. சொல்லப்படாத அன்பைப் பல்லாண்டு காத்து வைத்திருந்த கண்களும் அவ்வாறே மதிக்கத்தக்கன.