கொல்லைப்புறத்தில் நாலடி மண்



வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். காய்கறிச் செலவு எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன்.

நம்மில் பலருக்கு நிலம் வீட்டுக்காரர் பெயரிலோ மாமனார் பெயரிலோதான் இருக்கு. வயலில் என்ன போடணும்னு நம்மை யாரும் கேட்கிறதில்லை. ஆனால் பாத்திரம் கழுவின தண்ணி ஓடுற இடத்தில் வாழையா, சேம்பா என்பதை நாமதான் முடிவு பண்றோம். ஒரு கொத்து கறிவேப்பிலையை வேலிக்கு மேல நீட்டியே எத்தனை சண்டை தீர்ந்திருக்கு! விதை நம் கைக்கு வந்ததும் இன்று நேற்றில்லை. அம்மன் கோயில் முளைப்பாரிக்கு நவதானியம் ஊற வைத்து, எரு போட்டு, வெயில் படாமல் வளர்த்து, கும்மி கொட்டித் தலையில் சுமந்து போவது பெண்கள்தானே?

எங்கள் குழுவில் ஓர் அக்கா வளர்ந்த பிள்ளையைப் பறிகொடுத்தார். கூட்டத்துக்கு வரவில்லை, வாசலுக்கே வரவில்லை. நாங்கள் போனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆறுதல் சொல்லிச் சொல்லி எங்களுக்கே வார்த்தை தீர்ந்து போச்சு. ஆடி மாதம் எங்கள் பொருளாளர் அவரை விதையோடு போனார். "எங்க வீட்ல இடமில்லக்கா, உங்க கொல்லையில நாலு குழி ஊனிக்கிறேன்" என்றார். தினமும் போய்த் தண்ணீர் ஊற்றினார். ஒரு மாதம் ஆகியிருக்கும். "கொடி தரையில கிடக்கு, ஒரு கொம்பு நடக்கூடவா தெரியாது உனக்கு?" என்று திட்டிக்கொண்டே அக்கா வெளியே வந்தார்.

நாட்டு அவரையை ஆடியில் போட்டால் பனிக்காலத்தில்தான் பூக்கும். மார்கழி, தையில்தான் காய் பறிக்கலாம். துக்கத்தில் இருப்பவருக்கு நாளைக்கு என்பதே கிடையாது. அவரை தை மாதம் வரை காத்திருக்க வைத்தது அந்தக் கொடி. துக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இப்பவும் அழுவார். பந்தலடியில் உட்கார்ந்து அழுவார், காய் பறித்து எங்களுக்கும் கொடுப்பார்.

அதனால்தான், புது வீடு கட்டுறவங்க சுற்றிலும் சிமெண்ட் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்கலை. பெருக்கச் சுலபம், சேறு ஆகாது, சரிதான். ஆனாலும் நம் கூட்டமைப்பில் வீட்டு வேலைக்குக் கடன் எடுக்கிறவங்க கொத்தனாரிடம் கொல்லைப்புறத்தில் நாலடி மண்ணை விடச் சொல்லுங்க. இடமே இல்லைன்னா பழைய சாக்கு, ஓட்டைக் குடம் போதும்.

எங்கள் குழுவில் எடுத்து வைத்த விதை கொண்டு வந்திருக்கேன். சாப்பாட்டுக்குப் போகும்போது குழுவுக்கு ஒரு பொட்டலம் எடுத்துக்கோங்க. சாம்பல் கலந்திருக்கு, ஆடி வரைக்கும் தாங்கும்.