கால் தடுமாறினால் வயது என்று விட்டுவிடாதீர்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இங்கே உயிரியல் வகுப்பில் முண்ணாணைப் படம் வரைந்து பாகம் குறித்தவள் நான். பிறகு வைத்தியரும் ஆனேன். ஆனாலும் என் தந்தையாரின் கால் தடுமாறத் தொடங்கியபோது, "வயசு போனா அப்பிடித்தான் அப்பா" என்று தொலைபேசியில் சொன்னவளும் நானே. கோயில் வீதியை மூன்று முறை சுற்றி வந்தவர், ஒரு வருடத்தில் பொல்லூன்றிப் படலைவரைதான் வந்தார். சலம் போவதில் இருந்த சிரமத்தை வெட்கத்தில் மறைத்துவிட்டார்.

நரம்பியல் நிபுணர் ஒருவர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்த பிறகே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முண்ணாண் வீங்கியிருந்தது. அதன்மேல் நாளங்கள் நெளிந்து புடைத்திருந்தன.

முண்ணாணை மூடியுள்ள தடித்த உறையில் ஒரு சிறு நாடி, மயிர்த்துளைக்குழாய்களைத் தாண்டி நேரே நாளத்துடன் இணைந்துவிடுவதே இந்நோய். நாடியின் அமுக்கம் நாளத்துள் ஏறும். வாய்க்கால் அடைத்தால் முற்றத்தில் வெள்ளம் நிற்பதுபோல, முண்ணாணில் குருதி தேங்கும். பெரும்பாலும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கே இது வருகிறது. முதுமை என்றும் முதுகுத்தட்டு விலகல் என்றும் எண்ணி ஏமாறுவது எளிது. கோளாறு உறையில்தான் இருக்கிறது என்பதை 1977 இல் கெண்டல், லோக் என்னும் வைத்தியர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

அப்பாவின் முதுகைத் திறக்கவில்லை. தொடையடி நாடியூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒவ்வொரு கிளையிலும் சாயம் பாய்ச்சிப் படமெடுத்து, இணைப்பைக் கண்டுபிடித்தார்கள். அதனுள் இன்னும் நுண்ணிய குழாயை விட்டு, திரவப் பசையால் அடைத்தார்கள். பசை நாளத்தின் தொடக்கத்தை அடையவேண்டும். நாடியோடு நின்றால் நோய் திரும்பலாம். அதே நாடி முண்ணாணுக்கும் குருதி கொடுத்தால் பசை விடுவது ஆபத்து. அப்போது சத்திரசிகிச்சையே வழி.

அப்பா இப்போது பொல்லோடு கோயிலுக்குப் போய் வருகிறார். சலப் பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. இச்சிகிச்சை நோயை நிறுத்தும். தாமதித்து இழந்த எல்லாவற்றையும் மீட்டுத் தராது.

கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வீட்டுக்கு அழைக்கும் சகோதரிகளே, "சுகமோ?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எவ்வளவு தூரம் நடக்கிறீங்கள்? கால் விறைக்குதோ? சலம் போறதிலை கரைச்சல் இருக்கோ?" என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்விகள் இவை.