எதிரும் புதிருமாகத் தாயம்



தாயம் என்றதும் நான்கு பேர் சூழ்ந்து உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டு ஆடுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று நான் சொல்ல வந்தது இரண்டே பேர் ஆடும் தாயம். என்னைக் கேட்டால் அதுதான் ஆட்டம். நால்வர் ஆடும்போது கட்டை மறுபடி உங்கள் கைக்கு வருவதற்குள் மூன்று பேர் உருட்டிவிடுவார்கள். போட்ட திட்டம் ஒன்றும் நிற்காது. எதிரே ஒரே ஆள் என்றால் யோசித்து ஆடலாம்.

தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை, மொத்தம் 25 கட்டம் போடுங்கள். நான்கு ஓரங்களிலும் நடுக் கட்டத்தில் பெருக்கல் குறி, நட்ட நடுவிலும் ஒன்று. ஓரத்தில் இருப்பவை மலை. மனை என்று சொல்கிற வீடுகளும் உண்டு. மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. நடுவில் இருப்பது பழம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் பக்கத்து மலையில் காய் இறக்க வேண்டும். ஆளுக்கு நான்கு காய். ஒருவருக்கு உடைந்த வளையல் துண்டு, மற்றவருக்குக் கூழாங்கல் போதும். வெளிச்சுற்றின் 16 கட்டங்களைச் சுற்றி வந்து, அப்புறம் எதிர்த்திசையில் உள்சுற்றின் எட்டுக் கட்டங்களையும் கடந்தால் காய் பழமாகும். ஆனால் ஒரு வெட்டாவது வெட்டாதவருக்கு உள்சுற்றில் இடம் கிடையாது. அதனால் மலையிலேயே பதுங்கிக் கிடப்பவர் பிழைப்பார், ஜெயிக்க மாட்டார்.

இனி கட்டை. விரல் நீளத்தில் பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம், அதாவது ஒன்று, இரண்டே விதம். எட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் காய் இறங்கத் தாயம் வேண்டும் என்பதால், எட்டு முறை உருட்டியும் காய் இறங்காமல் எரிச்சலோடு உட்கார்ந்திருப்பது அதிசயமே இல்லை; மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் நடக்கும். கட்டைமேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆகக் குறைவாக விழுவது ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையாய் விழும் பன்னிரண்டும்; ஒவ்வொன்றும் 16-க்கு ஒன்று. ஆக அதிகமாக விழுவது மூன்று: 16-க்கு நான்கு.

இந்தக் கணக்கு தெரிந்தவரோடு ஆடிப் பாருங்கள். எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் தம் காயை அவர் விட்டுவைக்க மாட்டார். ஆறு கட்டம் தள்ளி நிற்கத் தயங்கவும் மாட்டார். இன்னொன்று: வெளிச்சுற்றில் ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் சரியாக நான்கு கட்டம். மலையில் நிற்கும் காய்க்கு நான்கு விழுந்தால் நேரே அடுத்த மலை. பன்னிரண்டு விழுந்தாலும் மலைதான். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் அல்லவா? ஐந்தும் மூன்றும் அடுத்தடுத்து விழுந்தால் இரண்டையும் ஒரே காய்க்கு வைப்பதா, ஐந்தில் ஒரு காயைத் தப்ப வைத்து மூன்றில் இன்னொன்றால் வெட்டுவதா? விழுவது கட்டையின் கையில், வைப்பது உங்கள் கையில். கெட்டிக்காரத்தனம் முழுவதும் இந்த இடத்தில்தான்.

வீட்டில் தாயம் உருட்டினால் சண்டை வரும் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. சகுனியும் அவனுடைய பகடையும் செய்த வேலை அது. பணயம் வைக்காத வரை பயப்பட ஏதுமில்லை. கீழடியில் தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. உருட்டி விளையாடுவது நம் ஊரில் நேற்று வந்த பழக்கமல்ல.

கட்டை இல்லையா? நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேயுங்கள். ஒரு வெள்ளை தாயம், நான்கும் வெள்ளை நான்கு, நான்கும் கறுப்பு எட்டு. இருபுறமும் சமமாக விழும் கொட்டைகளானால் தாயம் விழ நான்கில் ஒரு வாய்ப்பு, பித்தளைக் கட்டையைவிட இரண்டு மடங்கு. காத்திருக்கப் பொறுமையில்லாத சின்னப் பிள்ளைகளோடு ஆட இதுவே நல்லது.

ஒரே ஒரு வேண்டுகோள். விதிகள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். இரண்டாவது காய் தாயத்துக்கு மட்டும் இறங்குமா, ஐந்துக்கும் இறங்குமா, வெட்டினால் மறு உருட்டல் உண்டா, பழமெடுக்கச் சரியான எண் விழ வேண்டுமா? கட்டையைத் தொடுமுன் இவற்றைப் பேசி முடித்துவிடுங்கள். பெரியவர்கள் பயந்த சண்டை பெரும்பாலும் இதில்தான் வருகிறது.